ஏரியிலும் அணையிலும் தூண்டில் போடுவது: இடம் பார்ப்பதிலிருந்து மீனைத் திரும்ப விடுவது வரை

ஏரியிலோ அணையிலோ நாள் முழுக்கத் தூண்டில் போட்டுவிட்டு வெறுங்கையோடு எழுந்து போகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். ராடு (தூண்டில் கோல்) நன்றாகத்தான் இருக்கும், இரையும் சரியாகத்தான் இருக்கும். மீன் வராத இடத்தில் இரையைப் போட்டிருப்பார்கள். ஆற்றில் ஓட்டம் இருக்கிறது; மடு, திருப்பம், பாறையடி என்று மீன் நிற்கும் இடத்தை ஓட்டமே காட்டிவிடும். தேங்கிய நீர் அப்படிக் காட்டாது. மேலே பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மட்டம். அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கால்வாசி வேலை. அதனால் இந்த வழிகாட்டியில் கருவிகளைவிட இடம் பார்ப்பதற்கும் ஆழம் அளப்பதற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் அனுமதி

பெரும்பாலான நீர்நிலைகளில் மீன் உரிமை யாரோ ஒருவரிடம் இருக்கும்: அரசுத் துறை, உள்ளாட்சி, மீனவர் சங்கம், குத்தகைக்காரர் என்று. உரிமச் சீட்டு வேண்டுமா, எந்த மாதங்களில் தடை, எந்த அளவுக்குக் கீழே உள்ள மீனை எடுக்கக் கூடாது என்பதை அந்தந்த இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வலை போட்டுப் பிழைப்பு நடத்துகிறவர்கள் இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவது நல்லது. வலை எங்கே கிடக்கிறது என்று அவர்களே காட்டிவிடுவார்கள். எந்தப் பக்கம் பள்ளம், எங்கே கட்டை கிடக்கிறது என்றும் அவர்களுக்குத் தெரியும். மரியாதையாகக் கேட்டால் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

தூண்டில் இல்லாமல் ஒருமுறை போய் வாருங்கள்

அணை நீர்த்தேக்கம் என்பது நீருக்குள் மூழ்கிய ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஒரு காலத்தில் ஆறு ஓடியது, வண்டிப்பாதை இருந்தது, வயல் வரப்பு இருந்தது, கிணறு இருந்தது, மரங்கள் இருந்தன. மரங்களை வெட்டியிருந்தாலும் அடிக்கட்டை அங்கேதான் இருக்கும். இவை எல்லாம் இன்றைக்கும் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. மீன் இவற்றை ஒட்டித்தான் நடமாடுகிறது. பழைய ஆற்றின் தடம் மீனுக்குப் போக்குவரத்துப் பாதை. பாதையின் ஓரம், வரப்பின் சரிவு, கட்டையின் நிழல் எல்லாம் அது நின்று மேயும் இடம்.

இவற்றைக் கண்ணால் பார்க்க ஒரே வழி, நீர் வற்றியிருக்கும் காலத்தில் போவது. கோடையின் கடைசியில் நீர்மட்டம் அடியோடு இறங்கியிருக்கும்போது ஒரு நடை போய் வாருங்கள். கையில் போன் இருந்தால் போதும். கரையில் அசையாமல் இருக்கும் ஏதாவது ஒன்றை (ஒரு தனி மரம், பாறை, மின்கம்பம்) சட்டத்துக்குள் வைத்துக்கொண்டு, வெளியே தெரியும் மேடு பள்ளங்களைப் படம் எடுங்கள். பின்னால் தண்ணீர் நிரம்பியபோது அந்த மரத்தையும் பாறையையும் வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். எதையும் அடையாளமாக வைக்காமல் எடுத்த படம் உதவாது.

நேரில் போக முடியாவிட்டால் செயற்கைக்கோள் வரைபடத்தில் பழைய ஆண்டுகளின் படங்களைத் திருப்பிப் பாருங்கள். வறட்சியான ஒரு ஆண்டின் படம் கிடைத்தால் ஆற்றுத்தடம் கோடு போட்டதுபோல் தெரியும்.

ஏரி சற்று வேறு. சமவெளியில் கரை போட்டு மழைநீரைத் தேக்கிய ஏரிகளில் அடிமட்டம் கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். கரையை ஒட்டி, மண் எடுத்த பள்ளத்தில்தான் ஆழம். மதகருகே வாய்க்கால்போல் ஒரு பள்ளம் இருக்கும். எதிர்ப்பக்கம், நீர் வரத்து வரும் பக்கம், ஆழம் குறைந்து நாணலும் கோரையுமாக இருக்கும். ஏரிக்குப் புதிதாகப் போனால் முதலில் மதகுப் பள்ளத்தையும் நாணலின் விளிம்பையும் பாருங்கள்.

நீர் சொல்லும் சேதி

மீனுக்கு மூன்று விஷயம் வேண்டும்: மூச்சு, தீனி, ஒதுங்க இடம். இதில் மூச்சைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் வெயில் காலத்தில் மீன் நிற்கும் இடத்தை முடிவு செய்வதே அதுதான்.

சூடான நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைவாகவே கரையும். 20 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். இன்னொரு பக்கம், வெயிலில் மேல்நீர் சூடாகி இலேசாகி மேலேயே தங்கிவிடும். குளிர்ந்த கனமான நீர் அடியில் தங்கிவிடும். இரண்டும் கலக்காது. அடிநீருக்குக் காற்றின் தொடர்பு இல்லாததால், மக்கும் பொருள்கள் அங்குள்ள உயிர்வளியைத் தின்று தீர்த்துவிடும். ஆழமான அணையில் வெயில் காலத்தில் அடிமட்டத்தில், 15 மீட்டரில் இரையைப் போடுவது பெரும்பாலும் வீண். மீன் நடுநீரிலோ, சரிவான கரையில் 3 முதல் 6 மீட்டர் ஆழத்திலோ இருக்கும். இது ஒரு தோராயம்தான். ஒவ்வொரு நீர்நிலைக்கும் மாறும். ஆனால் ‘ஆழத்தில்தான் பெரிய மீன்’ என்ற எண்ணத்தை வெயில் காலத்தில் விட்டுவிடுங்கள்.

பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும் ஏரியில் இன்னொன்று நடக்கும். பகலில் பாசி உயிர்வளியை வெளிவிடும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலைக்குச் சற்று முன்புதான் நீரில் உயிர்வளி மிகக் குறைவு. அந்த நேரத்தில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் மேய்கின்றன என்று நினைத்துவிட வேண்டாம். மூச்சுத் திணறுகின்றன. அப்போது எந்த இரையையும் தொடாது. அத்தகைய ஏரியில் வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் போதும். தெளிந்த நீரில் மட்டும் விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் நன்றாக இருக்கும்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்று ஒரே திசையில் சில மணி நேரம் வீசினால் மேல்நீரும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் எதிர்க்கரைக்குத் தள்ளப்படும். அலை அடித்து மண் கலங்கும், புழு பூச்சி வெளிவரும், மீன் அங்கே வரும். எனவே அலை மோதும் கரையில் உட்காருங்கள். முகத்தில் காற்று அடிக்கும், நரம்பை (தூண்டில் இழையை) வீசுவது கொஞ்சம் சிரமம். ஆனால் முதுகுப் பக்கம் காற்று வாங்கிக்கொண்டு வசதியாக உட்காரும் கரையில் கடி குறைவு.

நீர்மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். ஏறும்போது புதிதாக மூழ்கிய புல்லுக்குள் மீன் மேய வரும். முழங்கால் ஆழத்தில்கூடப் பெரிய கெண்டை நிற்கும். மழைக்குப் பின் வரத்துக் கால்வாய் வாயில் கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சேரும் கோடு தெரியும். அந்தக் கோட்டின் ஓரம் அருமையான இடம். இறங்கும்போது, அதுவும் வேகமாக இறங்கினால், மீன் கரையைவிட்டு விலகிப் பழைய ஆற்றுத்தடத்துக்குப் போய்விடும்.

எந்த மீன், எந்த மட்டம்

வாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கட்லாவின் கீழ்த்தாடை மேல்நோக்கித் திரும்பியிருக்கும். மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிரைத் தின்பது அது. ரோகு நடுநீர். மிர்கால், சாதாக் கெண்டை இரண்டும் அடிமட்டம். சாதாக் கெண்டை சேற்றை வாயால் உறிஞ்சி, வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பும். அது மேயும் இடத்தில் சிறு குமிழிகள் கொத்தாக மேலே வரும். ஒரே இடத்தில் விடாமல் வரும் குமிழி சேற்றிலிருந்து வரும் வாயு. மெல்ல நகர்ந்து நகர்ந்து வரும் குமிழிதான் மீன்.

ஜிலேபி (திலேப்பியா) கரையோரம், ஒரு மீட்டருக்குள். மணலில் வட்டமான குழிகள் தெரிந்தால் அவை அதன் கூடுகள். கெளுத்திக்குக் கண்ணைவிட மீசை முக்கியம். மீசையிலும் தோலிலும் சுவை அறியும் மொட்டுகள் இருப்பதால் இருட்டிலும் கலங்கலிலும் வாடை பிடித்து வரும். மாலைக்குப் பின்தான் அதற்கு உட்கார வேண்டும். விரால் காற்றிலிருந்தே மூச்சு வாங்கக்கூடியது. அல்லி, தாமரை, ஆகாயத்தாமரை அடர்ந்த இடத்தின் ஓரத்தில் ஒளிந்து நின்று பாய்ந்து பிடிக்கும். நிமிடக் கணக்கில் ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ‘பொளக்’ என்று மூச்சு வாங்கிவிட்டுப் போவது தெரியும்.

விராலைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிவந்த சிறு குஞ்சுகள் பந்துபோல் கூடி மேலே வந்து வந்து போகும் இடத்துக்குக் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அங்கே எதைப் போட்டாலும் ஆத்திரத்தில் கடிக்கும். சுலபமாகப் பிடித்துவிடலாம். பிடிக்காதீர்கள். காவல் போனதும் மற்ற மீன்கள் நுழைந்து குஞ்சுகளைத் தின்றுவிடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையையே இழப்பது அது.

கருவிகள்

தொடங்குபவருக்கு 8 முதல் 10 அடி நீளமுள்ள ஒரு ராடு, 3000 அல்லது 4000 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல், 0.28 முதல் 0.30 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் நரம்பு. இவ்வளவு போதும். இந்த நரம்பு ஏறக்குறைய 5 கிலோ இழுப்பைத் தாங்கும். பின்னல் நரம்பு அதே தடிமனில் இன்னும் வலுவானது, ஆனால் நீளாது. நைலான் இழுபட்டு நீண்டுகொடுப்பதால் முதல் முரட்டு இழுப்பைத் தானே வாங்கிக்கொள்ளும். கை பழகாதவருக்கு அந்த நெகிழ்வு பெரிய உதவி. வெயில் பட்டால் நைலான் வலுவிழக்கும். எனவே வண்டிக் கண்ணாடிக்கு அடியில் ரீலைப் போட்டு வைக்காதீர்கள். சொரசொரப்பு தெரிந்தால் முதல் சில மீட்டரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையில்) நரம்பை விளிம்புக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் குறைவாக நிரப்புங்கள். அதற்கு மேல் நிரப்பினால் சுருள் சுருளாகக் கொட்டிச் சிக்கிக்கொள்ளும். குறைத்தால் தூரம் போகாது.

தூண்டில் முள்ளின் எண்ணில் குழப்பம் வரும். 6, 8, 10, 12 என்று எண் ஏற ஏற முள் சிறிதாகும். 1/0, 2/0, 3/0 என்ற வரிசையில் எண் ஏற ஏறப் பெரிதாகும். ஜிலேபிக்கு 10 அல்லது 12, கெண்டை வகைக்கு 6 அல்லது 8, விராலுக்கு 1/0-க்கு மேல். முனை கூராக இருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தில் இலேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது. பற்றிக்கொண்டு கோடு விழுந்தால் சரி. எதிர்முள்ளை (முனைக்குப் பின்னால் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை) குறடால் அமுக்கிவிட்டால் மீனிலிருந்து கழற்றுவதும் சுலபம், தப்பித்தவறி விரலில் ஏறினால் எடுப்பதும் சுலபம். நரம்பைத் தளரவிடாமல் பிடித்திருக்கும்வரை மீன் நழுவாது.

ஈயக்குண்டு நல்ல பாரம், ஆனால் நஞ்சு. நீர்ப்பறவைகள் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கிவிடும். அன்னங்கள் இப்படிச் செத்ததால் 1987-இல் பிரிட்டனில் சிறு ஈயக்குண்டுகளைத் தடை செய்தார்கள். இரும்பு நட்டு, துளையுள்ள கல் இரண்டுமே வேலைக்கு ஆகும். ஈயம்தான் இருக்கிறது என்றால் பல்லால் கடித்து இறுக்காதீர்கள், குறடைப் பயன்படுத்துங்கள்.

முடிச்சு ஒன்றைக் கச்சிதமாகக் கற்றுக்கொண்டால் போதும். நரம்பின் முனையை முள்ளின் காதில் நுழைத்து ஒரு சாண் வெளியே இழுங்கள். அந்த முனையை நரம்பின் மேலேயே ஐந்து அல்லது ஆறு சுற்று சுற்றுங்கள். இப்போது காதை ஒட்டி ஒரு சிறு வளையம் தெரியும். முனையை அதன் வழியாகத் திருப்பி நுழையுங்கள். அப்போது பெரிய வளையம் ஒன்று உருவாகியிருக்கும்; அதன் வழியாகவும் நுழையுங்கள். இறுக்குவதற்கு முன் எச்சிலாலோ நீராலோ ஈரமாக்குங்கள். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வில் சூடாகி அந்த இடத்திலேயே வலுவிழக்கும். மெதுவாக, ஒரே சீராக இழுத்து, சுற்றுகள் அடுக்காகப் படிந்ததைப் பார்த்துவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள். சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது எவ்வளவு இறுக்கத்தில் நரம்பு வழிவிட வேண்டும் என்று வைக்கும் திருகை) கண்ணை மூடிக்கொண்டு திருகாதீர்கள். நரம்பு தாங்கும் பாரத்தில் நான்கில் ஒரு பங்கு இழுப்புக்கு டிராக் வழிவிட வேண்டும். 5 கிலோ நரம்புக்கு ஒன்றேகால் கிலோ. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால், ஒன்றேகால் லிட்டர் நீருள்ள புட்டியை நரம்பில் கட்டி, ராடைக் கிடையாக நீட்டி ரீலிலிருந்து நேராகத் தூக்கிப் பாருங்கள். மெதுவாகத் தூக்கினால் புட்டி எழ வேண்டும், சற்றே வெடுக்கென்று தூக்கினால் நரம்பு விட வேண்டும். வீட்டிலேயே செய்துவிட்டுப் போகலாம்.

நரம்பு கட்டும் இரண்டு வகை

தக்கை வகை கரையோரத்துக்கு. நரம்பில் தக்கை, அதற்குக் கீழே சிறு பாரம், அதிலிருந்து ஒரு சாணுக்கு மேல் விட்டு முள். பாரத்தைக் கூட்டிக் குறைத்து, தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியும்படி செய்யுங்கள். தக்கை பாதி வெளியே நின்றால் அதை அமிழ்த்தும்போதே மீனுக்கு உறைத்துவிடும்.

அடிப்பார வகை தூரத்துக்கு. துளையுள்ள பாரத்தை மூல நரம்பில் கோத்து, ஒரு மணியைக் கோத்து, நுனியில் சுழலியை (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சிறு இணைப்பை) கட்டுங்கள். சுழலியின் மறுபக்கம் 30 முதல் 45 சென்டிமீட்டர் துண்டு நரம்பு, அதன் முனையில் முள். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது நரம்பு பாரத்தின் துளை வழியாக ஓடும்; மீனுக்குப் பாரம் தெரியாது. துண்டு நரம்பு மூல நரம்பைவிட மெல்லியதாக இருக்கட்டும். கட்டையில் மாட்டினால் அந்தத் துண்டுதான் அறும். ஒருவேளை மீனோடு அறுந்தாலும் அது பாரத்தையும் இழுத்துக்கொண்டு அலைய வேண்டியிருக்காது.

விராலுக்கு இரண்டும் வேண்டாம். முள் மேல்நோக்கி மறைந்திருக்கும் ரப்பர் தவளையை வலுவான பின்னல் நரம்பில் கட்டி, இலைகளின் மேலே இழுத்து வந்தால் போதும். கடித்ததும் உடனே இழுக்காமல் ஒரு மூச்சு விட்டு இழுங்கள்.

ஆழம் அளப்பது

இரையைப் போடுவதற்கு முன் அரை மணி நேரம் இதற்கே கொடுங்கள். நாள் முழுக்கக் கிடைக்கும் பலன் இதில்தான் இருக்கிறது.

கரையோரத்தில் தக்கையே அளவுகோல். முள்ளில் ஒரு கனமான பாரத்தைத் தற்காலிகமாக மாட்டி, இரை போட நினைக்கும் இடத்தில் விடுங்கள். தக்கை முழுசாக அமிழ்ந்துபோனால் ஆழம் நீங்கள் வைத்ததைவிட அதிகம். தக்கையை மேலே நகர்த்துங்கள். தக்கை படுத்துக்கொண்டால் ஆழம் குறைவு, கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தெரியும்படி நின்றுவிட்டால் தக்கைக்கும் முள்ளுக்கும் உள்ள நீளம்தான் அந்த இடத்தின் ஆழம். ஒரு அடி இடது, ஒரு அடி வலது, ஒரு அடி முன்னே என்று நகர்த்தி நகர்த்தி அளந்தால், திடீரென்று அரை மீட்டர் இறங்கும் ஓர் இடம் அகப்படும். அந்தப் படிதான் உங்களுக்கு வேண்டியது. படியின் மேல்தட்டும் வேண்டாம், கீழ்ப்பள்ளமும் வேண்டாம், விளிம்பில் போடுங்கள்.

தூரத்தில் எண்ணித்தான் அளக்க வேண்டும். முதலில் ஆழம் தெரிந்த ஓர் இடத்தில் (படகுத்துறை, மதகுப் படிக்கட்டு) வெறும் பாரத்தை நீர்மட்டத்திலிருந்து விட்டு, அடியைத் தொடும்வரை ஒரே சீராக எண்ணுங்கள். 3 மீட்டருக்கு மூன்று எண்ணிக்கை ஆனால், அதே பாரத்துக்கு ஒரு எண்ணிக்கை ஒரு மீட்டர். அப்புறம் தூரத்தில் வீசி, பாரம் நீரைத் தொட்டதும் நரம்பைத் தளரவிடாமல் பிடித்து எண்ணுங்கள். அடியைத் தொட்டதும் ராடின் நுனி நிமிரும்.

பாரம் அடியைத் தொட்டபின் அதை உடனே சுற்றி எடுக்காதீர்கள். ராடைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்து, பாரத்தை அடியில் நகர்த்துங்கள். ஆள்காட்டி விரல் நரம்பின் மேல் இருக்கட்டும். கல் என்றால் ‘டக், டக்’ என்று விரலில் தட்டும். சரளை என்றால் விடாமல் அதிரும். நல்ல மண் என்றால் வழுக்கிக்கொண்டு வரும். சேறு என்றால் தொடக்கத்தில் பிடித்துக்கொண்டு, பிறகு உறிஞ்சி விட்டதுபோல் விடும். பாசி என்றால் ராடு மெல்ல மெல்ல வளைந்து, சட்டென்று விடுபட்டு மறுபடி வளையும். இழுத்து வரும்போது பாரம் திடீரென்று ஏற மறுத்து நின்றால் அங்கே ஒரு சரிவோ வரப்போ இருக்கிறது. அந்த இடத்தில் நரம்பை ஸ்பூல் கிளிப்பில் (ஸ்பூலின் பக்கத்தில் நரம்பைப் பிடித்து நிறுத்தும் சிறு கவ்வியில்) மாட்டிக்கொண்டால் அடுத்த வீச்சும் அதே தூரத்தில் விழும். மீன் பிடிக்கும் நேரத்தில் மட்டும் கிளிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் ஓட்டத்திலேயே அறும். திசைக்கு எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆழமான சேற்றில் இரை புதைந்துபோகும், அடர்ந்த பாசியில் மறைந்துபோகும். பாசிக்கும் வெறும் மண்ணுக்கும் நடுவே உள்ள எல்லை, சரளை மேட்டின் ஓரம், பழைய வாய்க்காலின் விளிம்பு ஆகியவற்றை முதலில் தேர்ந்தெடுங்கள்.

இரை

மண்புழுவை மிஞ்சியது இல்லை. ஏறக்குறைய எல்லா மீனும் எடுக்கும். குறை என்னவென்றால், பொடி மீன்களும் எடுக்கும். பொடி மீன் தொல்லை அதிகமான இடத்தில் மாவு உருண்டையோ வேகவைத்த சோளமணியோ நல்லது. மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதைவிடச் சற்று இறுக்கமாகப் பிசையுங்கள். முள்ளில் பிடித்து ஒரு குவளை நீரில் போட்டு வையுங்கள். பத்து நிமிடம் கரையாமல் நிற்க வேண்டும், அதற்கு மேல் கல்லாகவும் இருக்கக் கூடாது. முள்ளின் முனை மட்டும் இலேசாக வெளியே தெரியட்டும்.

உலர்ந்த சோளத்தை அப்படியே தூவாதீர்கள். மீனின் வயிற்றுக்குள் போய் ஊறி உப்பும். ஒரு நாள் ஊறவைத்து, நன்றாக வேகவைத்துத்தான் போட வேண்டும்.

தீவனம் தூவுவதில் கை தாராளம் வேண்டாம். எலுமிச்சை அளவில் நான்கைந்து உருண்டை முதலில், அப்புறம் ஒவ்வொரு மீனுக்கும் ஓர் உருண்டை. வயிறு நிறைந்த மீன் முள்ளில் இருக்கும் இரையைத் தேடி வராது. மிச்சத் தீவனம் அடியில் அழுகி அந்த இடத்தையே கெடுத்துவிடும்.

உயிருள்ள சிறு மீனை வேறு நீர்நிலையிலிருந்து கொண்டுவந்து இரையாகப் போடவே போடாதீர்கள். மிச்சத்தை ஏரியில் கொட்டிவிட்டுப் போனால் அந்நிய மீன் நுழைந்துவிடும், நோயும் சேர்ந்து வரும். 1950-களில் விக்டோரியா ஏரியில் விடப்பட்ட நைல் பெர்ச் என்ற மீன், அந்த ஏரிக்கே உரிய சிறு மீன் இனங்கள் பலவற்றைத் தின்று அழித்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் முர்ரே–டார்லிங் ஆற்றுப் படுகையில் வெளியிலிருந்து வந்த சாதாக் கெண்டை பெருகி, இன்று பல இடங்களில் மீன் எடையில் பெரும்பகுதி அதுவே.

உட்காருவது, கவனிப்பது, சுண்டுவது

கெண்டை வகை மீன்களுக்குக் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சிறு எலும்புகள் உண்டு. கரையில் தொம்மென்று நடந்தால் அது நீருக்குள் கேட்கும். மெதுவாக நடந்து, தாழ்வாக உட்காருங்கள். பேசலாம், அதனால் பெரிதாகக் கெட்டுவிடாது; தரையில் கல்லைப் போடுவதும் பெட்டியை இழுப்பதும்தான் கெடுதல். உங்கள் நிழல் தண்ணீரில் விழக் கூடாது.

தக்கை படபடவென்று துள்ளினால் பொடி மீன் கொத்துகிறது; விட்டுவிடுங்கள். தக்கை எழும்பிப் படுத்துக்கொண்டால் அடியில் மேயும் மீன் இரையோடு பாரத்தையும் தூக்கிவிட்டது, உடனே சுண்டலாம் (முள் வாயில் ஏறும்படி ராடை வெடுக்கென்று இழுக்கலாம்). தக்கை சாய்வாக ஒரே திசையில் நகர்ந்து மறைந்தால் சந்தேகமே வேண்டாம். அடிப்பாரத்தில் நரம்பு திடீரெனத் தளர்ந்தால் மீன் உங்களை நோக்கி வருகிறது. தளர்வைச் சுற்றி எடுத்துவிட்டுச் சுண்டுங்கள்.

சுண்டுவது மணிக்கட்டு வேலை. தோளால் இழுத்தால் வாய் கிழியும் அல்லது நரம்பு அறும்.

மாட்டியபின் அவசரம் வேண்டாம். ராடு நீரோடு 45 முதல் 60 டிகிரி சாய்வில் நிற்கட்டும். மீன் ஓடும்போது ரீலைச் சுற்றாதீர்கள், டிராக் அதன் வேலையைச் செய்யும். ஓட்டம் நின்றதும் ராடை மெல்ல உயர்த்தி, தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள். மீன் கட்டையை நோக்கிப் போனால் ராடைப் பக்கவாட்டில் படுக்கவைத்து இழுத்துத் தலையைத் திருப்புங்கள். தலை திரும்பினால் உடலும் திரும்பும்.

கைவலையை முன்பே நீரில் அமிழ்த்தி வைத்து, களைத்த மீனை அதன் மேலே கொண்டுவந்து தூக்குங்கள். வலையோடு மீனைத் துரத்தினால் கடைசி நேரத்தில் அறுத்துக்கொண்டு போகும்.

கையில் எடுப்பதும் திரும்ப விடுவதும்

மீனின் மேலிருக்கும் வழவழப்பு அதன் தோல்காப்பு. உலர்ந்த கை, துணி, சூடான மணல் எதுவும் அதில் படக் கூடாது. கையை நனைத்துக்கொண்டு ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, மறு கையால் வாலடியைப் பிடியுங்கள். செவுளுக்குள் விரலை விடுவது, தாடையில் தொங்கவிடுவது வேண்டாம். முள்ளைக் குறடால் வந்த வழியே திருப்பி எடுங்கள். தொண்டைக்குள் போய்விட்டது என்றால் நோண்டாமல் நரம்பை ஒட்ட வெட்டிவிடுங்கள். நோண்டுவதைவிட அதில் பிழைக்க வாய்ப்பு அதிகம். படம் எடுக்க வேண்டுமென்றால் மீன் நீரில் இருக்கும்போதே ஆளைத் தயாராக்குங்கள். நீருக்கு வெளியே சில விநாடிகள் போதும்.

விடும்போது தூக்கி எறியாதீர்கள். நீருக்குள் நிமிர்ந்த நிலையில் தாங்கிப் பிடியுங்கள். செவுள் சீராக அசையத் தொடங்கி, வாலால் உதைத்துக்கொண்டு தானாகவே போகும்வரை காத்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டியதில்லை.

எடுத்துப் போவதாக இருந்தால் தலையில் ஓங்கி ஓர் அடியில் கொன்றுவிட்டு நிழலில், பனிக்கட்டியில் வையுங்கள். மூச்சுத் திணறித் துள்ளவிடுவது கொடுமை. முட்டை நிறைந்த பெருமீனையும், இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத குட்டியையும் விட்டுவிட்டு நடுத்தர அளவில் எடுங்கள்.

உயிர் பத்திரம்

அணையின் மதகுக்கும் உபரிநீர் வழிக்கும் அருகே, முக்கியமாகக் கீழ்ப்பக்கம், உட்காராதீர்கள். சங்கு ஊதினால் பொருள்களை விட்டுவிட்டு மேலேறுங்கள். தண்ணீர் நிமிடங்களில் ஏறும். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்கு அடியில் ராடை நிமிர்த்தி நடக்காதீர்கள், வீசாதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும்.

நீர் வற்றிய அணையின் சேறு ஏமாற்றும். மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், அடியில் கூழாக இருக்கும். கோல் ஊன்றிப் பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். சிக்கினால் காலை உதறாமல் பின்பக்கம் சாய்ந்து படுத்து, எடையைப் பரப்பி, ஒவ்வொரு காலாக மெதுவாக விடுவியுங்கள். படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கி. மாட்டிக்கொண்ட பாரத்தை எடுக்க நீரில் இறங்கவே கூடாது.

காலில் புண் இருந்தால் மூடிக்கொண்டு போங்கள்; தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். பச்சைப் பெயிண்ட் ஊற்றியதுபோல் பாசி ஏடு படிந்த நீரில் கை நனைக்காதீர்கள், நாயையும் குடிக்கவிடாதீர்கள். வெட்டிய நரம்புத் துண்டு ஒன்றைக்கூடக் கரையில் விடக் கூடாது. அது பல ஆண்டுகள் மக்காமல் கிடந்து பறவையின் காலை அறுக்கும்.

குறிப்பேடு

தேதி, நீர்மட்டம், ஏற்றமா இறக்கமா, காற்றின் திசை, நீரின் தெளிவு, கடி வந்த ஆழம், அடிமண் என்ன, இரை என்ன என்று ஒவ்வொரு முறையும் எழுதிவையுங்கள். தெளிவை அளக்க ஒரு வெள்ளை மூடியை நூலில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்தால் போதும். நீர்மட்டத்துக்கு மதகருகே வர்ணம் தீட்டிய அளவுகோல் இருக்கும். அந்த எண்ணை முதலில் எழுதுங்கள், அது இல்லாமல் மற்ற குறிப்புகள் பயன்படாது. அளவுகோல் 12 மீட்டர் காட்டிய நாளில் பழைய வாய்க்காலின் விளிம்பில் 4 மீட்டர் ஆழத்தில் கடி கிடைத்தது என்று எழுதியிருந்தால், 10 மீட்டர் காட்டும் நாளில் அதே விளிம்பில் 2 மீட்டர்தான் இருக்கும். அன்று அந்த இடத்திலேயே உட்காராமல், வாய்க்கால் போகும் போக்கில் அணைப் பக்கமாக நடந்து, விளிம்பில் மறுபடி 4 மீட்டர் கிடைக்கும் இடத்தை அளந்து கண்டுபிடித்து அங்கே முதல் வீச்சை வீசுங்கள்.